கடல் வடிகட்டிய வெயில்: பவளத் தொட்டி விளக்கு பிறந்த கதை

மீன் தொட்டிக்கு மேலே எரியும் விளக்கு மீனுக்காக அல்ல, பார்க்கிற நமக்காக. அதை அணைத்துவிட்டாலும் தங்கமீன் இரை தின்னும், நீந்தும், முட்டையிடும். பவளம் வைத்த கடல்நீர்த் தொட்டியில் அப்படியில்லை. அங்கே விளக்குதான் சோறு. வாரக்கணக்கில் இருட்டில் விட்டால் பவளம் வெளுத்து, இளைத்து, கடைசியில் செத்துப்போகும்.

சோறு போடும் அந்த விளக்கு இன்று ஒரு சாண் அகலப் பெட்டிக்குள் அடங்கிவிட்டது. சுவிட்சைப் போட்டால் ஊதா சாய்ந்த நீலம். முதல்முறை பார்க்கிறவர்கள், "எதுக்கு இவ்வளவு நீலம், கண்ணு கூசுதே" என்றுதான் கேட்பார்கள். அந்த நீலத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டு அலைச்சல் ஆகியிருக்கிறது. அதில் வேடிக்கை, அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் பவளத்துக்கென்று யாரும் ஒரு விளக்கைக் கண்டுபிடிக்கவே இல்லை. கட்டட வரைபடம் நகலெடுக்கிறவருக்கும், விளையாட்டு மைதானத்துக்கும், வீட்டுக் கூடத்துக்கும் பிறந்த விளக்குகளை ஒவ்வொன்றாக இரவல் வாங்கி, பொருந்தாததைக் கழித்துக் கழித்து மிஞ்சியதுதான் இது.

பவளத்துக்குள் குடியிருப்பது யார்?

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசி கோடிக்கணக்கில் குடியிருக்கிறது. ஜெர்மன் விலங்கியலாளர் கார்ல் பிராண்ட் 1881ல் அதற்கு ஜூசாந்தெல்லா என்று பெயர் வைத்தார். குடியிருக்கிறது என்பது தெரிந்தாலும், வாடகை கொடுக்கிறதா என்பதில் நெடுங்காலம் சண்டை நடந்தது. 1928-29ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்குப் போன பிரிட்டிஷ் ஆய்வுக்குழுவின் தலைவர் சி.எம். யங், பவளம் இரை பிடித்துத் தின்னும் பிராணி, பாசியிடமிருந்து அதற்குச் சாப்பாடு வருவதில்லை என்றே வாதிட்டார். 1958ல் மஸ்கட்டைன், ஹேண்ட் என்ற இருவர் கதிரியக்கக் கார்பனைக் கடல் சாமந்திக்குக் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். பாசி வெளிச்சத்தில் தயாரித்த உணவு விலங்கின் உடம்புக்குள் போவது தெரிந்தது. பவளத்திலும் இதே ஏற்பாடுதான் என்பதும், ஆழம் குறைந்த தெளிந்த கடலில் அதன் ஆற்றல் தேவையில் பெரும்பங்கை இந்தப் பாசியே கொடுக்கிறது என்பதும் பிறகு உறுதியாயின.

எனவே பவளத்துக்கு விளக்குத் தேடுவது என்றால், அந்தப் பாசிக்கு வெளிச்சம் தேடுவது. பாசி எந்த வெளிச்சத்தைக் குடிக்கும்? அதற்குக் கடல் தண்ணீரைத்தான் கேட்க வேண்டும். வெயிலில் எல்லா நிறமும் உண்டு. தண்ணீருக்குள் இறங்கியதும் சிவப்புத்தான் முதலில் மடியும். சுத்தமான நீரிலேயே ஐந்து மீட்டர் ஆழத்தில் அடர்சிவப்பு ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நீலமோ பத்து மீட்டர் தாண்டியும் பெரிய சேதமில்லாமல் போகும். அங்கே வாழும் பாசி, கிடைப்பதை வைத்தே பிழைக்கக் கற்றுக்கொண்டது. அதன் நிறமிகளான பச்சையம் ஏ, பச்சையம் சி2, பெரிடினின் மூன்றும் சேர்ந்து 430 முதல் 500 நானோமீட்டர் வரையிலான நீலத்தையும் நீலப்பச்சையையும் வளைத்துப் பிடிக்கின்றன.

எல்லாத் தண்ணீரும் இப்படி வடிகட்டுவதில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் உள்ள பல்லவர் காலத்து ஏரியான வயிரமேகத் தடாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டலும் மக்கிய இலைச்சாறும் கலந்த ஏரி நீர் முதலில் விழுங்குவது நீலத்தைத்தான். மஞ்சளும் பச்சையும்தான் கொஞ்ச தூரமாவது உள்ளே போகும். அல்லிக்கும் தாமரைக்கும் அது போதும், அவை இலையை மேலே நீட்டிக்கொள்ளும். ஆகவே நன்னீர்த் தாவரத் தொட்டிக்கு விற்கும் வெள்ளையும் சிவப்பும் கலந்த விளக்கு வேறு, பவளத் தொட்டி விளக்கு வேறு. பவள விளக்கு சூரியனின் நகல் அல்ல. கடல் வடிகட்டிய பிறகு மிஞ்சும் வெயிலின் நகல்.

முதல் விளக்கு சூரியன்

இந்தியாவுக்குக் கடல் மீன் தொட்டி புதிதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவரும் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களை ஆராய்ந்தவருமான எட்கர் தர்ஸ்டனின் முயற்சியில் மெரினா கடற்கரையில் 1909ல் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகமே திறக்கப்பட்டது. ஆனால் பவளத்தை வீட்டுக்குள் உயிரோடு வளர்த்துக் காட்டியவர் என்று உலகம் பேர் சொல்வது ஜகார்த்தாவின் லீ சின் எங் என்பவரை. கடலிலிருந்து அதில் ஒட்டிய உயிர்களோடு எடுத்த 'உயிர்ப்பாறை', மெல்லிய காற்றுக் குமிழி, வெயில் படும் இடம். அவ்வளவுதான் அவருடைய ஏற்பாடு. 1961ல் 'டிராபிகல் ஃபிஷ் ஹாபியிஸ்ட்' என்ற அமெரிக்க இதழில் அதை 'இயற்கை முறை' என்று எழுதினார்.

நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊரில் இது நடந்தது. பெர்லினில் நடக்குமா? நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பகல் வருவதும் போவதும் தெரியாது. கட்டுரையைப் படித்த ஐரோப்பியர் பலரிடம் மீன் பிழைத்தது, பவளம் பிழைக்கவில்லை. பவள விளக்கு வெயில் இல்லாத நாட்டின் தேவையிலிருந்து பிறந்தது இப்படித்தான்.

அப்படியானால் வெயிலுக்குப் பஞ்சமில்லாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் விளக்கே வேண்டாமே என்று தோன்றும். வேண்டும். சித்திரை, வைகாசியில் ஜன்னலோரம் வைத்த சிறு தொட்டி சில மணி நேரத்தில் கொதிப்பேறிவிடும். தண்ணீர் 30, 31 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பார்த்தது அதைத்தான். வெயில் இல்லாத ஊருக்கு வெளிச்சம் வேண்டும்; வெயில் மிகுந்த ஊருக்குச் சூடில்லாத வெளிச்சம் வேண்டும். பின்னது வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அமோனியா பிரிண்ட் கடையிலிருந்து வந்த நீலம்

வீட்டு டியூப் லைட்டில் தொடங்கினார்கள். அது நம் கண்ணுக்காகச் செய்தது. மனிதக் கண் பச்சை, மஞ்சளில்தான் கூர்மை என்பதால் டியூப்பின் வெளிச்சமும் அங்கேதான் குவிந்திருக்கும். பாசிக்கு வேண்டிய நீலம் அதில் போதவில்லை.

அந்தக் குறையைத் தீர்த்தது அச்சுத் தொழில். கணினி அச்சு வருவதற்கு முன் வீட்டு மனைப் படமும் கட்டட வரைபடமும் நகலெடுக்க அமோனியா பிரிண்ட் கடைக்குப் போனவர்களுக்கு அந்த நெடி நினைவிருக்கும். டயசோ பூசிய தாளின் மேல் வரைபடத்தை வைத்து, ஊதாவும் நீலமும் கலந்த ஒளியைப் பாய்ச்சி, பிறகு அமோனியா ஆவியில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடம் வெளுக்கும், கோட்டின் நிழலில் இருந்த இடம் நிறமேறும். அந்த எந்திரங்களுக்காக பிலிப்ஸ் தயாரித்த ஒரு டியூப்பின் எண் 03. அதன் ஒளி 420 நானோமீட்டரில் உச்சம் தொட்டது. பவளம் வளர்க்கிறவர்கள் கண்ணில் அது பட்டது. வெள்ளை டியூப்புக்குப் பக்கத்தில் இதை மாட்டிப் பார்த்தார்கள். 'ஆக்டினிக்' என்ற சொல் மீன் தொட்டி உலகுக்குள் வந்தது இப்படித்தான். இன்றும் நீல விளக்குக்கு அங்கே அதுதான் பெயர்.

நீலத்துக்கு இன்னொரு லாபமும் இருந்தது. பல பவளங்களின் சதையில் ஒளிரும் புரதங்கள் உண்டு. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும். பவளத்தின் பச்சை ஒளிர்வை பலாவு தீவிலிருந்த ஜப்பானிய ஆய்வு நிலையத்தில் சிரோ கவாகுட்டி 1944லேயே பதிவு செய்திருக்கிறார். 1999ல் ரஷ்ய விஞ்ஞானிகள் பவளவினத்திலிருந்து சிவப்பு ஒளிர்புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தபோது, அந்த உயிர்கள் மாஸ்கோவின் மீன் தொட்டிகளிலிருந்து கிடைத்தவை. உலகெங்கும் செல் ஆய்வகங்கள் இன்று பயன்படுத்தும் சிவப்புக் குறியீடுகள் பலவற்றுக்கு அது மூதாதை. எனவே நீல விளக்கில் நாம் பாதி பாசிக்காகவும் பாதி நம் கண் விருந்துக்காகவும் செலவழிக்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீலம் அதிகமானால் பவளம் கூடுதலாக வளரும் என்பதில்லை. ஒளியின் நிறச்சாயலைச் சொல்லும் கெல்வின் அளவில் 6500 உள்ள வெள்ளை விளக்கின் கீழேயே, கல்போல் கூடு கட்டும் கடும்பவளங்கள் வேகமாக வளர்ந்த தொட்டிகள் ஏராளம்.

மைதானத்து விளக்கு, அனல் மூச்சு

டியூப்பில் நிறம் கிடைத்தது, வலு கிடைக்கவில்லை. மேல்மட்டத்தில் கிளைவிட்டு வளரும் கடும்பவளங்களுக்கு அது எட்டவில்லை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கில்பர்ட் ரைலிங் 1961ல் காப்புரிமை கேட்டு, 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் எரிந்து காட்டிய மெட்டல் ஹாலைடு விளக்கு அந்த இடத்தை நிரப்பியது. பாதரச ஆவிக்குள் உலோக உப்புகளைச் சேர்த்து மின்வில்லில் எரியவிடும் விளக்கு அது. தொழிற்கூடத்துக்கும் இரவு ஆட்டம் நடக்கும் மைதானத்துக்கும் பிறந்தது.

1980களில் பெர்லின் மீன் தொட்டிக்காரர்கள் இதைத் தொட்டிக்கு மேலே தொங்கவிட்டார்கள். உயிர்ப்பாறை, புரதநுரை வடிப்பான், மெட்டல் ஹாலைடு மூன்றும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு 'பெர்லின் முறை' என்றே பேர் வந்தது. அங்கே டீட்ரிஷ் ஸ்டூபர் வளர்த்த ஒரு கிளைப்பவளம் துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் கைமாறி உலகமெங்கும் தொட்டிகளில் பரவியது. வீட்டுத் தொட்டியில் கடும்பவளம் வளரும், பெருகும் என்று நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ஆனால் அந்த விளக்கு விட்ட மூச்சு அனல். 250 வாட், 400 வாட் விளக்குகள். வெளிச்சத்தைவிட மிகுதியாகச் சூடு. தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் என்று தனி எந்திரம், அதற்குத் தனி மின்சாரம். குளிர்நாட்டில் அது ஒரு செலவு மட்டும்தான். நம் கோடையில் அது நடக்காத காரியம்.

அந்தக் காலத்தில் இன்னொரு குழப்பம், எந்த விளக்கு உண்மையில் எவ்வளவு தருகிறது என்பது யாருக்கும் தெரியாது. அட்டையில் 10,000 கெல்வின் என்றும் 20,000 கெல்வின் என்றும் போட்டிருக்கும். அதைத் தீர்த்துவைத்தவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இந்திய வம்சாவளிப் பேராசிரியர் சஞ்சய் ஜோஷி. தொழில் பொறியியல் பேராசிரியர். வீட்டில் பவளத் தொட்டி வைத்திருந்தவர். 1990களின் பிற்பகுதியிலிருந்து சந்தையில் கிடைத்த விளக்குகளை ஒவ்வொன்றாக நிறமாலைமானியில் வைத்து அளந்து வெளியிட்டார். ஒரே வாட், அட்டையில் ஒரே கெல்வின். ஆனாலும் ஒளி வேறு. அதே விளக்கை வேறு சோக்கில் மாட்டினால் மறுபடி வேறு. வாட்டைப் பார்த்து விளக்கு வாங்கும் பழக்கம் அதற்குப்பின் மெல்ல மாறியது. பாசி பயன்படுத்தும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளித்துகள்களை எண்ணும் பார் அளவு பொதுப்பேச்சாயிற்று.

பல்புக்குள் ஒளிந்திருந்த நீலம்

சிவப்பு எல்இடி 1960களிலேயே வந்துவிட்டது. பளிச்சென்ற நீலம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஜப்பானில் நகோயாவில் அகாசாகியும் அமானோவும், டோகுஷிமா பகுதியில் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுராவும் காலியம் நைட்ரைடு படிகத்தோடு மல்லுக்கட்டினார்கள். 1993 நவம்பரில் நிச்சியா வலுவான நீல எல்இடியை அறிவித்தது. மூவருக்கும் 2014ல் இயற்பியல் நோபல். நிச்சியாவின் பிழைப்பு அதுவரை எது தெரியுமா? டியூப் லைட்டுக்கும் டிவி திரைக்கும் பூசும் ஒளிர்பொடி விற்பது. டியூப்புக்குப் பொடி விற்ற நிறுவனமே டியூப்பை வீட்டைவிட்டு அனுப்பியது.

1996ல் அதே நிறுவனம் நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொடியைப் பூசி வெள்ளை வெளிச்சம் வரவழைத்தது. நீலமும் மஞ்சளும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. இன்று உத்திரமேரூர் வீட்டுத் திண்ணையில் எரியும் எல்இடி பல்பும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான். அதன் அடியிலிருக்கும் சில்லு 450 நானோமீட்டர் நீலம். கடைக்காரர்கள் 'ராயல் ப்ளூ' என்பது அதைத்தான். பாசியின் நிறமிகள் வளைத்துப் பிடிக்கும் எல்லைக்குள் அது கச்சிதமாக விழுகிறது. மஞ்சள் பொடியைப் பூசாமல் விட்டால் பவள விளக்குக்கான சில்லு தயார். உலகம் முழுக்க வீடுகளுக்கு வெள்ளை பல்பு கோடிக்கணக்கில் செய்யப் போய், பவளத்துக்கான நீலம் மலிவாகிவிட்டது. பவளம் வளர்ப்பவர்கள் எத்தனை பேர்? அவர்களை நம்பி யாரும் சில்லுத் தொழிற்சாலை கட்டியிருக்க மாட்டார்கள்.

தொட்டிக்கு மேலே எல்இடியை ஏற்றும் யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர்கள் இன்னும் விசித்திரமானவர்கள். அமெரிக்காவின் மேடிசன் நகரிலிருந்த ஆர்பிட்டல் டெக்னாலஜிஸ், விண்வெளியில் செடி வளர்க்கும் பெட்டிகள் செய்த நிறுவனம். 2014ல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போன 'வெஜ்ஜி' என்ற கீரைப் பெட்டியும் அவர்கள் கைவேலை. அந்த நிறுவனத்துக்கு 2007ல் கடல் தொட்டி எல்இடி விளக்குக்குக் காப்புரிமை கிடைத்தது. ஏறத்தாழ அதே காலத்தில் இன்னொரு நிறுவனம் 'சோலாரிஸ்' என்ற எல்இடி விளக்கைப் பவளத் தொட்டிக்கென்றே சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. காப்புரிமைத் தகராறு எழுந்தது. சில ஆண்டுகளில் சோலாரிஸ் காணாமல் போனது. ஆனால் வழி திறந்துவிட்டது. 2010க்குப் பிறகு வந்த விளக்குகளில் நீலம், ஊதா, வெள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். விடியலும் அந்தியும் தானாக வரும்படி நேரம் வைக்கலாம். சூடு மேலே விசிறியோடு போய்விடும், தண்ணீருக்கு அதிகம் இறங்காது. சூடில்லாத வெளிச்சம் நம் ஊருக்கு வந்துசேர்ந்தது அப்போதுதான்.

உத்திரமேரூரில் விளக்கு தேர்ந்தெடுக்கிறவருக்கு

தேர்ந்தெடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. பேரெழுதிய ஓலையைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பதற்கு முன்பே தகுதிப் பட்டியல் வந்துவிடும். நிலம் எவ்வளவு, வீடு சொந்த மனையிலா, வயது 35க்கும் 70க்கும் இடையிலா என்றெல்லாம் பார்த்துத் தேறியவர் பேர் மட்டும்தான் ஓலையில் ஏறும். விளக்கு விஷயத்திலும் முறை அதுவே: முதலில் தகுதி, பிறகு கம்பெனிப் பேர்.

"எத்தனை வாட்ண்ணே வாங்கறது?" என்று கடையில் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது, உள்ளே என்ன உயிர் வைக்கப்போகிறோம் என்பது. இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது, நல்லவேளையாக. 2001ல் இந்திய அரசு எல்லாக் கடும்பவளங்களையும், கரும்பவளம், நெருப்புப் பவளம், குழல் பவளம், கடல் விசிறிகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு அது. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்து வரக்கூடாது. வெளிநாட்டுக் காணொளிகளில் மின்னும் கிளைப்பவளத் தொட்டியை இங்கே வீட்டில் வைப்பது குற்றம். அட்டவணையில் இல்லாத காளான் பவளம், தோல் போன்ற மென்பவளங்கள், பண்ணையில் குஞ்சு பொரித்த கோமாளி மீன் ஆகியவையே நமக்கு மிஞ்சுவது. அதையும் எங்கிருந்து வந்தது என்று ரசீதோடு கேட்டு வாங்க வேண்டும்.

இந்த மிஞ்சிய பட்டியல் விளக்கின் அளவையே மாற்றிவிடுகிறது. நம் நாட்டு உச்சிவெயிலின் பார் அளவு 2000 வரை போகும். மேல்மட்டக் கடும்பவளத்துக்குத் தொட்டிக்குள் 250 முதல் 400 வரை தருவார்கள். காளான் பவளத்துக்கும் பெரும்பாலான மென்பவளத்துக்கும் 50 முதல் 150 போதும், மிகுந்தால் கெடுதல். விலை உயர்ந்த இறக்குமதி விளக்குகளின் பலமெல்லாம் கடும்பவளத்துக்காக வளர்ந்த பலம். இங்கே அதை வாங்கி 30 சதவீதத்தில் எரிப்பது காசைக் கரியாக்குவது. இரண்டு அடித் தொட்டிக்கு 50, 60 வாட் நல்ல எல்இடி தாராளம்.

மற்ற தகுதிகள்: 420 முதல் 480 நானோமீட்டர் வரை சில்லுகள் இருக்க வேண்டும், கூடவே கொஞ்சம் வெள்ளை, சிவப்பும் பச்சையும் பேருக்கு இருந்தால் போதும். நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியே குறைக்க முடிய வேண்டும். எந்த உயரத்தில் எத்தனை பார் என்ற வரைபடம் விற்பவரிடம் இருக்க வேண்டும். கைபேசியின் லக்ஸ் செயலியை நம்பக்கூடாது. லக்ஸ் மனிதக் கண்ணின் கணக்கு, நீலத்தை அது குறைத்தே காட்டும். மாட்டிய பிறகு மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தில், நாளுக்கு எட்டு மணி நேரமாகத் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்ற வேண்டும். பவளம் கழுத்தை நீட்டி மேலே எட்டினால் பசி. சுருங்கி வெளுத்தால் திகட்டல்.

மின்சாரம் தனிப் பாடம். உப்புநீர் தெறிக்கும் இடம் என்பதால் தொட்டிக்கான இணைப்பில், மின்கசிவு வந்தால் துண்டித்துவிடும் ஈஎல்சிபி இல்லாமல் விளக்கே மாட்டக் கூடாது. மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வைப்பதானால் அதில் விளக்கை இணைக்காதீர்கள், நீரோட்ட மோட்டாரை இணையுங்கள். ஒரு நாள் இருட்டைப் பவளம் தாங்கும்; கடலிலும் மேகம் மூடிய நாள் உண்டு. காற்றில்லாத தேங்கிய தண்ணீரைச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

கடல் பார்க்கச் செங்கல்பட்டைத் தாண்டி மாமல்லபுரம் வரை போக வேண்டிய ஊரில் இத்தனையும் இன்று நடக்கிற காரியமாகிவிட்டது. அதற்கு விளக்கு மலிந்தது ஒரு காரணம்தான். நாம் வளர்க்க அனுமதியுள்ள உயிர்களுக்குக் குறைந்த வெளிச்சம் போதும் என்பது மற்றொன்று. ஐரோப்பியர் பெருவெளிச்சம் தேடி அலைந்து சேர்த்த அறிவிலிருந்து இந்தியத் தொட்டிக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறத்தின் கணக்கை. வலுவின் கணக்கை அவர்களிடமே விட்டுவிடலாம்.